வசதியானவர் பட்டியல்

ஆகஸ்ட் 18, திங்கள்

நகைக்கடைக்காரர்கள் மண்டபத்துக்குக் கொடுத்த டைரி எட்டு மாதமாக மேஜையில் தூசி தின்றுகொண்டிருந்தது. முகூர்த்த நாளெல்லாம் சிவப்பில் அச்சடித்த நல்ல டைரி. இன்று முதல் எழுதுகிறேன்.

நான் கோமதிநாயகம், வயது ஐம்பத்தேழு, எங்கள் ஊரின் ஒரே ஏ.சி. கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். முதலாளி சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து ஏ.சி. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வாசலில் நிற்பது நான்தான். வெளியூர்க்காரர்கள் என்னை முதலாளி என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களை எல்லாம் திருத்திக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

வியாழக்கிழமை கல்யாணம். வாசலுக்கு வாழைமரம் சொல்லியாயிற்று. மணமகள் அறையில் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளை வருகிறேன் என்று மூன்றாவது நாளாகச் சொல்கிறான். என் மனைவி வடிவு வழக்கம்போல சமையல்கட்டுக்கு வருவாள். மேற்பார்வைக்கு. வெங்காயம் உரிக்கிறவர்களோடு பேச்சுத்துணைக்கு உட்காருவாள். கை சும்மா இருக்குமா, அவளும் உரிப்பாள். சமையல்காரர் மரியாதைக்காக ஏதோ கொடுப்பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. பாயசம் கடைசிப் பந்திக்குத் தண்ணியாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சண்டைக்கு வந்தார். என் சட்டையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குச் சமையல்காரர் வந்து, "அண்ணாச்சி, மதினிய செத்த வந்து பாருங்க" என்றார். வடிவு அண்டா கழுவும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வை பார்க்கிறவளுக்கு அண்டா கழுவும் இடத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இரைத்தது. தூக்கப் போனேன்.

"ஒண்ணுமில்ல, வழுக்கிட்டு. சட்டைய தொடாதிய, கரி ஒட்டிரும்" என்றாள்.

ஆகஸ்ட் 23, சனி

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எத்தனை நாளா மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"போன வாரத்துல இருந்துதான் சார்" என்றாள் வடிவு.

"இது போன வாரத்து நோய் இல்லம்மா" என்றார் டாக்டர். அவள் கூரையைப் பார்த்தாள்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டதாம். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டுமாம். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளினால் அவர் பொறுப்பில்லை என்றார். மூன்றரை லட்சம். என் சம்பளத்தை நான் டைரியில் எழுதுவதில்லை. இரண்டரை வருடம் நாங்கள் இருவரும் சோறே தின்னாமல் இருந்தால் கட்டிவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரியாஸ்பத்திரியில் பெயர் எழுதிவைத்தால் முறை வர ஐந்து மாதம் ஆகும் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். டாக்டர் தலையை இடவலமாக ஆட்டினார்.

"அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தா இங்கயே ஒரு பைசா இல்லாம பண்ணிடலாம். உங்ககிட்ட இருக்கா? இல்ல, உங்களுக்கு எதுக்கு" என்று என் சட்டையைப் பார்த்தபடி சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இ-சேவை மையத்தில் சின்னப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் என் ரேஷன் அட்டை எண்ணைத் தட்டினாள்.

"அங்கிள், உங்க குடும்பம் வசதியானவங்க பட்டியல்ல இருக்கு. காப்பீட்டு அட்டை போட முடியாது."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது, ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் மூன்றரை லட்சம் ஞாபகம் வந்தது.

இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் மகள் செண்பகாவைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உலகநாதன் இரும்புக்கடை வைத்திருக்கிறார். மணமகள் அறையிலிருந்து சோபாவும் இரண்டு சுவர் மின்விசிறியும் வெள்ளி முலாம் தட்டும் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண் நோட்டோடு நின்றாள். ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுக்கிறார்களாம். அத்தனை வீடு இருக்க, அத்தனை நாள் இருக்க, அவளுக்கு அந்த நேரம்தான் வாய்த்தது.

"மாச வருமானம் எவ்வளவு சார்?"

உள்ளே பஜ்ஜி எடுத்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

"நாற்பதாயிரம்" என்றேன்.

"சொந்த வீடா?"

"பின்னே?"

"கார் இருக்கா?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு."

அவள் எழுதிக்கொண்டு போனாள். அந்தத் தாளில் என் பெயர் ஒன்றுதான் நிஜம். சம்பந்தம் முடிந்தது. நாங்கள் அன்று பட்ட சந்தோஷத்தில் அந்தப் பெண்ணை மறந்தே போனோம். அவள் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வடிவிடம் அட்டை வர நாளாகும், சர்வர் கோளாறு என்று சொன்னேன். சர்வர் வந்து மறுக்கவா போகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வி.ஏ.ஓ. ஆபீஸ். என்னைப் பார்த்ததும் தலையாரி நாற்காலி இழுத்துப் போட்டு, "உக்காருங்க மொதலாளி" என்றான். உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தப்பு. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் ஏழை என்று எப்படி ஆரம்பிப்பது? மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். வி.ஏ.ஓ. இளவயதுக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒருவழியாகப் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், மாசம் நாலு பேர் வர்றாங்க, பட்டியல்ல இருந்து என்னை எடுங்கன்னு. எல்லாரும் கிழிஞ்ச பனியனோட வருவாங்க. நீங்க கஞ்சி போட்ட சட்டையோட வந்திருக்கீங்க."

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள். கசக்கிக் கட்டியதுதான் இப்போது குற்றம்.

ஒரு மஞ்சள் பாரம் கொடுத்தார். பெயர் நீக்க மனு. அன்று தவறான தகவல் கொடுத்தேன் என்று குடும்பத் தலைவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து பேர் சாட்சி. அதில் ஒருவர் உறவினராக இருக்க வேண்டும். அதைச் சிறப்பு முகாமில் தாசில்தாரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

எனக்கு உறவென்று பக்கத்தில் இருப்பவர் சம்பந்தி உலகநாதன் ஒருவர்தான். அவரிடம் போய், அன்றைக்கு நீங்கள் கேட்டதெல்லாம் புளுகு, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பது இதுதான்.

"முகாம் எங்க நடக்கு சார்?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை. உங்க மண்டபத்துலதான். உங்களுக்குத் தெரியாதா?"

செப்டம்பர் 4, வியாழன்

மண்டபத்தில் முகாம். இருநூறு நாற்காலி, இரண்டு மைக், குடிநீர்க் கேன் பத்து. தாசில்தாரை வாசலில் நின்று வரவேற்று மேடைக்குக் கூட்டிப்போனேன். ஏற்பாடு பிரமாதம் என்றார்.

மனு கொடுக்கவில்லை. வேலை இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

வடிவு, "முகாம்ல ஒண்ணும் கேட்டியளா?" என்றாள். கேட்க நேரமில்லை என்றேன். "சரி, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றாள். அவள் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய் வந்தாள். குடத்தை நான் எடுத்து வருகிறேன் என்றேன். "மேனேஜரு குடம் தூக்குனா ஊரு என்ன சொல்லும்" என்று சிரித்தாள். சிரிக்கவும் அவளுக்கு மூச்சு தேவைப்படுகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடன் கேட்டு பேங்குக்குப் போனேன். இந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு தொகை தர வழியில்லை என்று மேனேஜர் வருத்தப்பட்டார். அரசாங்கத்துக்கு நான் பணக்காரன். பேங்குக்கு நான் பஞ்சப்பரதேசி. இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து நான் யார் என்று யோசித்தேன். டீக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். என்னை யாரென்று நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

முதலாளிக்கு போன் போட்டேன். ஏ.சி. ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். வேறு என்ன என்றார். வேறு ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செண்பகா ராஜபாளையத்திலிருந்து சொல்லாமல் வந்துவிட்டாள். எதிர்வீட்டு டெய்லர் ஜெபமணி போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். வந்தவள் அம்மாவின் காலைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை.

என்னிடம் நேராகக் கேட்டாள். சர்வர் கதையைச் சொன்னேன்.

"அப்பா, போன முகாம்ல எங்க ஊர்லயே எத்தனையோ பேருக்கு அட்டை கிடைச்சிருக்கு. உங்க மண்டபத்துல நடந்த முகாம்ல உங்களுக்குக் கிடைக்கலயா? சர்வரு உங்க ஒருத்தர்கிட்டதான் கோவிச்சுக்கிட்டா?"

"உங்க மாமனாரு சாட்சி போடணும்ளா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என் சட்டையையும் வேட்டியையும் பார்த்தாள். பிறகு அழுதாள். "எனக்காகத்தான் அன்னைக்கி அப்படிச் சொன்னிய. நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அம்மா செத்துப்போனா அப்புறம் யாருக்காகப்பா இந்த வேட்டி?" என்று கேட்டாள். பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் போன பிறகு பயமாக இருந்தது. வடிவு இல்லாத வீட்டை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்று நினைத்தேன். தாங்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மீண்டும் முகாம். காலையில் தாசில்தாரை வரவேற்றேன், மேடைக்குக் கூட்டிப்போனேன், மைக்கைச் சரிபார்த்தேன். பிறகு இறங்கிப் போய் வரிசையில் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "அண்ணாச்சி, வரிசைய ஒழுங்குபடுத்தியளா?" என்று கேட்டாள். இல்லை, நிற்கிறேன் என்றேன்.

செண்பகா அவள் அம்மாவையும் மாமனாரையும் கூட்டி வந்திருந்தாள். உலகநாதன் கையெழுத்துப் போடப் பாரத்தை வாங்கினார். "இன்னொரு தடவையா போடணும்?" என்று வடிவைப் பார்த்தார். வடிவு இருமினாள். வயதாகிறது, பாவம், எதையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. தாசில்தார் என் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க மேனேஜர், தண்ணி தீந்துபோச்சா?" என்றார். மனுவை நீட்டினேன். படித்தார். என் சட்டையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுல நாலு சாட்சி குறையுதே" என்று மைக்கை இழுத்தார். "இங்க மேனேஜரா இருக்கிற கோமதிநாயகம் வசதியில்லாதவர்தான்னு சொல்ல இந்த ஊர்க்காரங்க நாலு பேர் இருக்கீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பதினெட்டு வருடம் வெள்ளையில் பார்த்த மனிதனைப் பற்றி யார் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குக் கவலை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். பாதி மண்டபம் எழுந்து நின்றது. பூக்காரி, பந்தல்காரர், டீக்கடைக்காரர், ரேஷன் கடைப் பையன் வரை. "கோமதி அண்ணாச்சியா? அவுகளுக்கு எங்க இருந்து சார் வசதி" என்றாள் பூக்காரி. "ரெண்டே சட்டைதான் சார், மாத்தி மாத்தித் துவைச்சுப் போடுதாரு" என்றார் ஜெபமணி. காலர் திருப்பித் தைத்தவர் அவர்தானே. யாரும் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சகிக்கவில்லை.

"நாலு பேர் போதும், மத்தவங்க உக்காருங்க" என்றார் தாசில்தார்.

வெளியே வந்ததும் உலகநாதனிடம், "சம்பந்தி, மன்னிக்கணும்" என்றேன்.

"எதுக்கு? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியுமே. சோபாவுக்குப் பின்னால மண்டபத்துப் பேரு பெயின்ட்ல எழுதிருந்துச்சு. எங்க வீட்டம்மா பாத்துட்டு முழங்கையால இடிச்சா."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"பொண்ணு தங்கமா இருந்துச்சு. நாங்க என்ன சோபாவையா கட்டப் போறோம்?"

செப்டம்பர் 23, செவ்வாய்

அட்டை வந்துவிட்டது. வடிவின் படம் அதில் தெளிவாக இல்லை. நாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

செப்டம்பர் 25, வியாழன்

நாளைக் காலை ஆபரேஷன். டாக்டர் புதிதாக எடுத்த படத்தைக் காட்டிப் பேசினார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம், ஒரு மாதத்துக்கு முன்னால் இதில்லையாம். இதயத்தின் வலது பக்கமும் தளர்ந்துவிட்டதாம்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நெஞ்சைத் திறந்திருக்கவே வேண்டாம். பலூன் வச்சு விரிச்சு, மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ரெண்டு வருஷமாவது அறிகுறி இருந்திருக்கும். நீங்க கவனிக்கலயா?"

அவள் ஒன்றும் சொன்னதில்லை டாக்டர் என்றேன். இது உண்மை. நான் எழுதியதில் இதாவது உண்மை.

அசல் ரேஷன் அட்டை வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எடுத்துவர நான்தான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். பீரோவில் அவள் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கும் என்றாள் செண்பகா. இருந்தது. அதற்கடியில் நாலாய் மடித்த ஒரு மஞ்சள் பாரமும் இருந்தது.

பெயர் நீக்க மனு. ஜெபமணியின் கையெழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது. என் நிஜமான சம்பளம். வாடகை வீடு. வாகனம் இல்லை. காரணம் என்ற இடத்தில், 'வீட்டில் விருந்தாளிகள் இருந்தபடியால் தவறாகச் சொல்லப்பட்டது.' விண்ணப்பிக்கும் தேவை என்ற இடத்தில், 'மனைவிக்கு இதய நோய்.' ஐந்து சாட்சிகளும் போட்டிருந்தார்கள். ஐந்தாவது கையெழுத்து ராஜபாளையம் உலகநாதன். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதம்.

குடும்பத் தலைவர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணிக்கு வெளியே. பிழைத்துவிட்டாள். கண் திறக்கவில்லை. என் சட்டைப்பையில் பாரம் இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

கண் விழித்தாள். செண்பகா கஞ்சி கொடுத்தாள். இனிமேல் படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது, ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்னார். வால்வு புதிது, இதயம் பழையதுதான் என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரமாக அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறேன். கேட்பதற்கும் தைரியம் வேண்டியிருக்கிறது. இன்று குனிந்து தண்ணீர் கொடுக்கும்போது அது சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத எதுக்கு எடுத்திய?" என்றாள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காவ. எங்கிட்ட மட்டும் ஏன் காட்டல?"

பக்கத்துக் கட்டில்காரி தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டாள். அப்போதும் என் மானம் அவளுக்கு முக்கியம்.

"காட்டணும்னுதான் கைல எடுத்து வச்சிருந்தேன். அன்னைக்கி மண்டபத்துல ஏ.சி. போட்டு மொத கல்யாணம். நீங்க புதுச் சட்டைய போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னு, எப்பிடி இருக்கேன்னு கேட்டிய."

"நீ என்ன சொன்ன?"

"மொதலாளி கணக்கா இருக்கியன்னேன். உங்க மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். அதுக்கப்புறம் எப்பிடிங்க காட்டுதது?"

சொல்லிவிட்டு, அதிகம் பேசியதில் களைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கடைக்காரர், "என்ன வேணும் சார்?" என்று கேட்டார். சீட்டு கையில்தான் இருந்தது. என்ன கேட்க வந்தேன் என்று எனக்கு நினைவு வரவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டி மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.